கார்டு நிலுவு

“மேடம் இல்லையா?”

இரண்டே சொற்கள். சித்தூர் ஹைரோட்டில் இருக்கும் தம் கடைக்குள் யார் நுழைந்து இந்த இரண்டு சொற்களைச் சொன்னாலும், வேங்கடாசலத்தின் நெஞ்சுக்குள் யாரோ ஊசியால் ஒரு தையல் போட்டு இழுப்பது போலிருக்கும். சிலர் தமிழில் கேட்பார்கள். சிலர் தெலுங்கில், “மேடம் லேரா?” என்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் தையல் ஒரே இடத்தில்தான் விழும்.

கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆறடி மனிதர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா? பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர்தானே? பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ஐ.டி.ஐ., அதற்கப்புறம் சைக்கிளின் பின்னால் மைப்புட்டிகளைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் பிரிண்டருக்கு மை நிரப்பினார். விரல் நுனிகளின் கறுப்பு போகாமலே முப்பது வயது வரை பெண் கிடைக்காமல் இருந்தார். அந்தக் கறுப்பு விரல்களால் கட்டிய கடை இது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மதர்போர்டில் எந்தத் துளையில் எது போகும் என்று தடவிச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு முப்பதாவது வயதில் சத்தியவேட்டிலிருந்து வந்து வாய்த்தவள் ஹரிப்ரியா. கல்யாணத்துக்கு முன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் செல்போன் பொருத்தும் வரிசையில் மூன்று வருடம் நின்றவள். கடுகு போன்ற திருகாணிகளை ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் முடுக்கிய கைகள். ஒரு தடவை வேங்கடாசலத்துக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்தபோது, பாதியில் நின்ற ஒரு கம்ப்யூட்டரை அவளே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். வாங்கிப் போன கல்லூரி மாணவன் அதன் உள்பக்கத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினான். கம்பிகள் ஒவ்வொன்றும் தலைவாரிப் பின்னிவிட்டது போல் இருந்தனவாம்.

அன்றைக்கு ஆரம்பித்த தையல் இது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேங்கடாசலத்துக்கு மனைவி மேல் சந்தேகம் கிடையாது. இருந்திருந்தால்கூடத் தேவலை. அதற்கு ஆறுதல் சொல்ல ஊரில் நாலு பேர் கிடைப்பார்கள். இவருக்கு வந்ததோ மனைவியின் கைகள் மேலேயே பொறாமை. காலையில் அதே கை காபி நீட்டும்போது குடிக்கிறார். அதே கை திருகாணி முடுக்கும்போது எரிகிறார். இந்த வியாதியை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படி இருக்கும்போதுதான் திருப்பதியிலிருந்து பிரஹ்லாத் வந்தான்.

முப்பது வயதிருக்கும். கோவிந்தராஜர் கோயில் மாடவீதியில் வீடு. அப்பா கோயில் கைங்கர்யம். பையன் மட்டும் பெங்களூர்க் கம்பெனிகளுக்காகக் கோபுரங்களையும் தேர்களையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வடித்துக் கொடுக்கிறவன். அவனுக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட் வேண்டும். திருப்பதியில் இல்லாத கடையா? இருந்தும் அந்த மாணவன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தான். வேங்கடாசலத்துக்கு அதைக் கேட்டதுமே வாயில் வேப்பெண்ணெய்.

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்றான் பிரஹ்லாத். “மேலே திருமலையில பெருமாள் நின்ற திருக்கோலம். கீழே எங்காத்துக்கு எதிர்ல கோவிந்தராஜர் கிடந்த திருக்கோலம். ரெண்டும் ஒரே பெருமாள்தான். என் கார்டு நிக்கணுமா, கிடக்கணுமா?”

விஷயம் இதுதான். அந்தக் கார்டு முழங்கை நீளம், செங்கல் கனம். மதர்போர்டில் நேரடியாகச் செருகினால் படுத்த வாக்கில் இருக்கும். அதன் மூன்று விசிறிகளும் தரையைப் பார்க்கும். ஒரு பட்டைக் கம்பியை நடுவில் கொடுத்து நிமிர்த்தி வைத்தால், சுவரில் மாட்டிய படம் போல நிற்கும். விசிறிகள் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துச் சுழலும்.

“படுக்க வெச்சா போதும் சார்” என்றார் வேங்கடாசலம். “ஊரு ஒலகம் பூரா அப்படித்தான் வெக்கிது. அடியில ஒரு முட்டு குடுத்துட்டா தொங்காது.”

பிரஹ்லாத் மரியாதையாகத் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, “மேடத்தையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே” என்றான்.

ஊசி இறங்கியது.

ஹரிப்ரியா உள்ளிருந்து வந்தாள். நிற்பதா கிடப்பதா என்று அவள் சொல்லவில்லை. மேசை எந்தப் பக்கம், கண்ணாடி யார் கண்ணில் படும், அறையில் ஏ.சி. உண்டா என்று வரிசையாகக் கேட்டாள்.

“கண்ணாடி அம்மா கண்ணுல படணும் மேடம்” என்றான் பிரஹ்லாத். “நாள் பூரா கதவைச் சாத்திண்டு நான் என்ன பண்றேன்னே அவளுக்குப் புரியறதில்லை. உள்ள ஏதோ சுத்தறது, பிள்ளை ஏதோ வேலைதான் பண்றான்னு அவளுக்கு ஒரு நிம்மதி வேணுமில்லையா?”

ஹரிப்ரியா சிரித்தாள். வாய்விட்டு, கழுத்து நிமிர்ந்து சிரித்தாள். ஏழு வருடத்தில் என் பேச்சுக்கு ஒரு தடவையாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று வேங்கடாசலம் மனசுக்குள் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

“ஒரு வாரம் குடுங்க சார். பாத்து செய்யிறோம்” என்றாள் அவள்.

‘செய்யிறோம்’ என்றுதான் சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரைக் கட்டினாலும் அதன் அட்டைப்பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் எதிரே அதன் நிலவரம் இருக்கும். வந்திருந்தால் ‘வந்தது’, பொருத்தியிருந்தால் ‘போட்டாச்சு’, இன்னும் முடியாமல் இருந்தால் ‘நிலுவை’. தமிழ் மீடியத்தில் படித்த கர்வத்தில் வேங்கடாசலம் கொண்டுவந்த வழக்கம் அது. ஹரிப்ரியா படித்தது தெலுங்கு மீடியம். பேச்சில் தமிழ் கொட்டும். எழுத்தை மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ‘நிலுவை’ என்பதை ஒருநாள் ‘நிலவை’ என்று எழுதுவாள், ஒருநாள் ‘நிலுவ’ என்று எழுதுவாள்.

“உன் தமிழுக்குக் கொம்பும் இல்ல, காலும் இல்ல” என்று அவர் கேலி செய்வார். திருகாணி விஷயத்தில் ஜெயிக்க முடியாதவர், எழுத்து விஷயத்திலாவது ஜெயித்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை பிரஹ்லாதின் பெட்டி மேல் சீட்டு ஏறியது. பச்சை மையில், அவள் கையெழுத்து.

*கார்டு – நிலுவு.*

வேங்கடாசலம் அதைப் படித்தார். கார்டு நேற்றே வந்துவிட்டது. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவரே அவர்தான். அப்புறம் என்ன நிலுவை? யோசித்தார். சட்டென்று விளங்கியது. கார்டு வந்தாலும் முடிவு வரவில்லை! நிற்பதா, கிடப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்காமல் தொட மனசு வரவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அந்த மனிதர் பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம் அன்று பிற்பகல் அவர் பாட்டு முணுமுணுத்தார். புதன்கிழமை முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். அவள் வந்து கேட்பாள். கேட்டதும் உடனே சொல்லிவிடக் கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு நிமிடம் யோசிப்பது போல் பாவனை செய்துவிட்டு, அப்புறம்தான் சொல்ல வேண்டும்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. அவள் அந்தப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அவரோ, ‘கேளு, கேளு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டர் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். மேசை மேல் பிரஹ்லாதின் கேபினெட் திறந்திருந்தது. அதற்குள் கார்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தது.

கேட்கவில்லை. கேட்காமலே செய்துவிட்டாள்.

அவர் காதுகளில் ஹைரோட்டுச் சத்தம் எல்லாம் அடங்கிப்போயிற்று. ‘நிலுவை என்று எழுதி வைத்தது என் கண்ணில் மண்ணைத் தூவவா? முடிவு ஆகவில்லை என்று என்னை நம்பவைத்துவிட்டு, நான் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டுமா? அந்த அளவுக்கு இந்தக் கடையில் நான் வேண்டாதவனாகிவிட்டேனா?’

ஹரிப்ரியா சோதனை ஓட்டிக்கொண்டிருந்தாள். விசிறிகள் அமைதியாகச் சுழன்றன. சூடு அறுபத்தாறு டிகிரி என்று திரை காட்டியது. பக்கத்துக் கண்ணாடிக் கதவு மட்டும் இன்னும் பஞ்சு உறையில் சுற்றியபடி சுவரோரம் சாய்ந்திருந்தது. கீறல் விழாமல் கொண்டு போய் அங்கேதான் மாட்ட வேண்டும் என்று வைத்திருந்தாள்.

வேங்கடாசலத்தின் கண் அந்தக் கதவின் மேல் விழுந்தது. அப்புறம் கார்டுக்குப் போயிற்று. கார்டின் முகத்துக்கும் கதவு வரப்போகிற இடத்துக்கும் நடுவில் ஒரு விரல்கூட முழுதாக நுழையாது.

அவருக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் சந்திரகிரிப் பையன் ஒருவனுக்கு இதே மாதிரிக் கார்டை அவர் நிற்க வைத்துக் கொடுத்தார். கண்ணாடியை மூடியதும் விசிறிகளுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய், கார்டு கொதித்து, மூன்றே வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. “இன்னாங்க ஆச்சு?” என்று ஹரிப்ரியா கேட்டபோது, “கலரு புடிக்கலையாம்” என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் தோற்றதாகக் காட்டிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

ஆக, அவளுக்கு அது தெரிய வழியே இல்லை.

“எப்படிங்க கீது?” என்று கேட்டாள் ஹரிப்ரியா. நெற்றியில் ஒரு முடிக்கற்றை ஒட்டியிருந்தது. முகத்தில், பரீட்சைத் தாளை நீட்டிய பிள்ளையின் ஆவல்.

சொல்லலாம். ‘கதவைப் போட்டுப் பாரு’ என்ற மூன்று சொற்கள் போதும்.

“நல்லா கீது” என்றார் வேங்கடாசலம்.

பாவம் செய்ய ஆயுதம் வேண்டியதில்லை, வாசகர்களே.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு இஸ்மாயிலின் வாடகைக் கார் வந்தது. கேபினெட்டைப் பழைய மெத்தை மேல் படுக்க வைத்து, கண்ணாடிக் கதவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஹரிப்ரியா. அன்று மத்தியானம் பிரஹ்லாத் பெங்களூர்க்காரர்களுக்கு வேலையைக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஓடவிட்டுத் தர வேண்டும்.

“நீங்களும் வரீங்களா?”

“கடைய யாரு பாத்துக்குவாங்க?”

கார் போயிற்று. வேங்கடாசலம் கடையைத் திறந்து, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும். ‘ஏங்க, சூடு ஏறுதுங்க, இன்னா பண்றது?’ என்று அவள் கேட்பாள். அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து... அந்தக் காட்சியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். இனித்தது. இரண்டாம் தடவை ஓட்டியபோது அதில் அவளுடைய முகமும் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஓட்டவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடை வெங்கடம்மா, தெலுங்குப் பேப்பரும் பேனாவுமாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் புதிரை முடிக்காமல் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது.

“அட்டம் எல்லாம் முடிஞ்சிபோச்சு வேங்கடாசலம். நிலுவுல ஒண்ணே ஒண்ணு மாட்டிக்கினு வரமாட்டேங்குது.”

“இன்னா நிலுவை?” என்றார் அவர், கவனமில்லாமல்.

“நிலுவையும் இல்ல, பாக்கியும் இல்ல. நிலுவு! அட்டம்னா இப்படி” என்று பேனாவைப் படுக்க வைத்தாள். “நிலுவுன்னா இப்படி” என்று நிமிர்த்தினாள். “சித்தூருல பொறந்து, சித்தூருல துன்னு, சித்தூருல வளந்தவனுக்கு இத்த நான் சொல்லிக் குடுக்கணுமா? நல்லா கீதுப்பா உன் கத!”

பேனா அவள் விரல்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

வேங்கடாசலம் எழுந்தார். உள்ளே போனார். காலி அட்டைப்பெட்டி மூலையில் கிடந்தது. பச்சை மை.

*கார்டு – நிலுவு.*

பேச்சில் பிறந்ததிலிருந்து கேட்ட சொல். துணிக்கடையில் நிலுவுக் கோடு, கொத்தனார் வாயில் நிலுவுச் சுவர். தமிழ் எழுத்தில் பார்த்ததும் அது அவருக்கு வேறாகிப் போயிருந்தது. அவள் எழுத்துப் பிழை விடவில்லை. தன் பள்ளிக்கூடத்துத் தெலுங்குச் சொல்லை, தன் புருஷன் படிப்பதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறாள். கார்டு நிற்கட்டும் என்று செவ்வாய்க்கிழமையே எழுதி, அவர் கண்ணெதிரே ஒட்டியிருக்கிறாள். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. ஐந்து நாள், பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாளே? வேண்டாம் என்று ஒரு சொல் வருமா என்று பார்த்திருக்கிறாள்!

மனிதர் அப்படியே அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெட்டி நசுங்கியது.

போனை எடுத்தார். மணி ஒன்பது பன்னிரண்டு. அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்பது பதினைந்துக்கு மறுபடி. எடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போது போனை ஒலி அடக்கிப் பையின் அடியில் போட்டுவிடுவது தொழிற்சாலையில் அவளுக்கு வந்த பழக்கம். இஸ்மாயிலும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போன் தொடமாட்டார்.

அந்தக் கேபினெட்டுக்கு முதுகுத் தகடு இரண்டு. கார்டு நிற்க ஒன்று, கிடக்க ஒன்று. கிடக்க வைக்கும் தகடு கடை அலமாரியிலேயே இருந்தது. அதையும், கார்டுக்கு அடியில் கொடுக்கும் முட்டுக் கம்பியையும் துணிப்பையில் திணித்துக்கொண்டு அவர் ஓடினார்.

“ஏம்ப்பா, அந்தச் சொல்லு?” என்று கத்தினாள் வெங்கடம்மா.

“கடைய பாத்துக்கக்கா!”

திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பூதலப்பட்டு தாண்டியதும் வேகம் பிடித்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாள் எரிந்த எரிச்சலுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவள் தன்னை ஏமாற்றினாள் என்ற நியாயம். அது போய்விட்டது. இப்போது மிச்சமிருந்தது பொறாமை மட்டும்தான். சட்டை கழற்றிய உடம்பு மாதிரி அது அவருக்கே அசிங்கமாகத் தெரிந்தது. சந்திரகிரியில் கோட்டை தெரிந்தபோது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மாடவீதியில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது பதினொன்றரை. இரண்டாம் கட்டு தாண்டுவதற்குள்ளேயே சத்தம் கேட்டது. மாவு மிஷின் போல ஓர் இரைச்சல்.

“என்னடா பிள்ளாண்டான், ஏரோப்ளேன் கிளம்பறாப்ல இருக்கு?” என்று வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் பிரஹ்லாதின் தாயார் அலர்மேல்.

உள்ளே பிரஹ்லாத் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஹரிப்ரியா தரையில் மண்டியிட்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விசிறிகளும் வெறி பிடித்துச் சுழன்றன. திரையில் எண்பத்தொன்பது டிகிரி. அவள் முகத்தில் சொட்டியது வியர்வையா வேறா என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவரைக் கண்டதும் அந்த முகம் அப்படியே இளகியது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை வீட்டாரைக் கண்டது போல ஒரு நொடி. ஒரே நொடிதான்.

“நான் போன் பண்ணவே இல்லையே” என்றாள் மெதுவாக. “பத்து நிமிஷமாத்தான் கத்திக்கினு கீது. உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

அவர் பையைத் திறந்தார். தகடு வெளியே வந்தது. முட்டுக் கம்பி வெளியே வந்தது.

ஹரிப்ரியா தகட்டைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கேபினெட் பக்கம் திரும்பி, அவரைப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்தார். கை மறுபடி நீண்டது. தகடு. மறுபடி நீண்டது. முட்டு. ஏழு வருடமாக அப்படித்தான். எந்த நேரத்தில் எந்தக் கருவி என்று பேசாமலே தெரியும். அன்றுதான் அந்தப் பேசாமை அவரை அறுத்தது.

கார்டு கிடந்தது. கண்ணாடி மூடியது. அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. விசிறிகளின் ஓரம் மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

“சுத்தறது, தெரியறது” என்றார் அலர்மேல், குனிந்து பார்த்துவிட்டு. “போறுமே.”

“மேலே நின்னவர் கீழே வந்து கோவிந்தராஜராயிட்டார்!” என்று கைதட்டினான் பிரஹ்லாத். அப்புறம் வேங்கடாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். “சார், நீங்க மட்டும் வரலேன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்.”

எத்தனை நாள் ஏங்கிய சொல்! கடைசியில் வந்தது. வாடிக்கையாளரின் வாயிலிருந்து, மனைவியின் எதிரில் வந்தது. நெஞ்சில் ஒரு சொட்டுத் தேன் விழத்தான் விழுந்தது. பொய் சொல்வானேன், விழுந்தது. அதே சமயம் அவர் கண், தரையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தக் கைகளின் மேல் பட்டது.

“அவ மேல தப்பு இல்ல சார்” என்றார். “இது சூடாவும்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

“பாத்தியாம்மா? அனுபவம்னா இதுதான்!” என்று தாயாரிடம் சொன்னான் பிரஹ்லாத், பூரித்துப் போய்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கும் பாராட்டுக் கிடைத்தது. அதைச் சரியாகக் கேட்டவள் அந்த அறையில் ஒருத்திதான். ஹரிப்ரியா பையிலிருந்து போனை எடுத்தாள். திரையில் இரண்டு தவறிய அழைப்புகள். ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது பதினைந்து. கேபினெட்டைக் காரிலிருந்து இறக்குவதற்கும் முந்தைய நேரம். பார்த்தாள். போனை மறுபடி பையின் அடியில் போட்டாள்.

அலர்மேல் கொடுத்த தீர்த்தத்தையும் புளியோதரையையும் வாங்கிக்கொண்டு இருவரும் காரில் ஏறினார்கள். சந்திரகிரி வரை இஸ்மாயிலின் ரேடியோதான் பேசிற்று. கோட்டைக்கு எதிரே வந்ததும், ஹரிப்ரியா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“இந்த ஊருப் பையன் மிஷினு, கலரு புடிக்காமதான் திரும்பி வந்துச்சா?”

“இல்ல.”

“நேத்து நான் கதவு போடாம டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன். பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சரி” என்றாள்.

வசை வந்திருந்தால் தாங்கியிருப்பார். அழுதிருந்தால் காலில்கூட விழுந்திருப்பார். அந்த ‘சரி’யை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூதலப்பட்டு வரும்போது, “நீ எழுதினத்த நான் நிலுவைன்னு படிச்சிட்டேன் ஹரி. நீ வந்து கேப்பேன்னு காத்துக்கினு இருந்தேன்” என்றார்.

“நான் எழுதினத்த நீங்க படிப்பீங்கன்னு காத்துக்கினு இருந்தேன்” என்றாள். ஜன்னலை விட்டுத் திரும்பி, “வெள்ளிக்கெழம வரைக்கும் அது எழுத்துக் கொழப்பம். சனிக்கெழமையும் எழுத்தா?” என்றாள்.

இஸ்மாயில் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அடுத்த வாரம் பிரஹ்லாதின் நண்பன் ஒருவனுக்கு இன்னொரு கம்ப்யூட்டர். புதிய அட்டைப்பெட்டி, புதிய சீட்டு. வேங்கடாசலம் கடையைத் திறந்தபோது அது ஏற்கெனவே ஒட்டியிருந்தது. போர்டு வந்தது. ரேம் வந்தது. கார்டு படுக்கை. எல்லாம் பச்சை மை. கடைசியில், எப்போதும் இல்லாத ஒரு வரி.

*வேங்கடாசலம் – நிலுவை.*

ஐகாரக் கொம்பு, கொஞ்சமும் பிசகாமல், வகரத்துக்கு முன்னால் அழுத்தமாக நின்றது. இதை எழுத அவள் எத்தனை தடவை பழகியிருப்பாளோ! அவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். கிழிக்கவில்லை. கூட ஏதாவது எழுதவும் பேனா வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். யாரோ ஒரு பெண், கையில் லேப்டாப்போடு.

“மேடம் இல்லையா?”

தையல் விழுந்தது. அதே இடத்தில், அதே ஊசி, அதே வலி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குணமாகிற வியாதியா அது?

“கீறாங்கம்மா, உள்ளதான் கீறாங்க” என்றார் வேங்கடாசலம். பிறகு, ஹைரோடு வரை கேட்கிற குரலில் கூப்பிட்டார். “ஹரி! உன்னத்தான் கேக்குறாங்க!”

அவள் வந்தாள். அவரையும் பார்க்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை. லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்து மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி, அந்தக் கையில் வைத்தார்.